அரைச்சீட்டுப் பயணிகள்

கடல் கடந்து செல்லும் தலைவன் தலைவியை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் கூறுகிறது. பெண்ணுக்கே இடமில்லாத மரக்கலத்தில் குழந்தைக்கு இடமிருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கடல்மேற் செல்லுதல் ஆடவர்க்குரிய வினை. அவர் மீளும் வரை காத்திருத்தல் மனைக்குரியோர் கடன். நெடுங்காலம் தமிழர் எண்ணத்தில் வேரூன்றியிருந்த கருத்து இது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் குடியேறிய வரலாற்றை, ஒருவகையில் இவ்வழக்கம் மாறிய வரலாறு எனலாம். அவ்வரலாற்றை எழுதியோர் கங்காணிகளைப் பற்றி எழுதினர். தோட்டத்துரைமாரைப் பற்றி எழுதினர். ரப்பர் விலை ஏறியதையும் இறங்கியதையும் எழுதினர். அன்னையின் இடுப்பில் அமர்ந்து கப்பலேறிய குழந்தையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், ஈட்டிய பொருளுடன் ஊர் திரும்பிவிடலாம் என்று வந்தவரை இம்மண்ணிலேயே நிலைக்கச் செய்ததில் அக்குழந்தைக்குப் பெரும் பங்குண்டு.

கணக்கில் அடங்காதவர்

கப்பற் பயணிகளின் தொகையைக் கணக்கிடும் முறையிலேயே குழந்தையின் நிலை தெளிவாகின்றது. பிரிட்டனில் 1855ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பயணிகள் சட்டம், பன்னிரண்டு வயது நிரம்பிய ஒருவரை ஒரு முழு ஆளாகக் கொண்டது. ஒரு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகள் இருவர் சேர்ந்தாலே ஓர் ஆள். ஒரு வயதும் நிரம்பாத குழந்தை கணக்கிலேயே இல்லை. கப்பலில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு இடம், இவ்வளவு உணவு, இவ்வளவு நீர் என்று வரையறுக்க எழுந்த கணக்கு இது. பிற்காலத்தில் 'அரைச்சீட்டு' என்று மக்கள் வழங்கிய சொல்லிலும் இக்கணக்கின் எதிரொலி உண்டு.

தொடக்கத்தில் இத்தகைய அரையாட்களும் இக்கரைக்கு மிகுதியாக வரவில்லை. கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரில் பெரும்பாலோர் தனியாட்கள். சஞ்சி என்று தமிழர் வழங்கிய அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னும் ஓங்கி நின்ற கங்காணி முறையே குடும்பங்கள் வருவதற்குச் சற்று வழிதிறந்தது. தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வரும் கங்காணி, கணவனோடு மனைவியையும் பிள்ளையையும் சேர்த்தே அழைக்க முடிந்தது. 1907இல் தோற்றுவிக்கப்பட்ட குடிநுழைவு நிதிக்கு முதலாளிமார் பணம் செலுத்தினர். அந்நிதி, தொழிலாளரோடு வரும் குடும்பத்தினரின் கப்பற் செலவையும் ஏற்றது. அவ்வாறிருந்தும் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதும் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இருந்திலர்.

கடல்வழியின் இயல்பு

சிறு குழந்தைகளுடன் அக்கடலைக் கடப்பது எத்தகையது என்பதை இன்று வானூர்தியில் நான்கு மணி நேரத்திற் சென்று சேர்வோர் எண்ணிப் பார்ப்பது கடினம். பயணம் கப்பலில் தொடங்கவில்லை, முகாமில் தொடங்கியது. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் அமைந்திருந்த குடிபெயர்வு முகாம்களில் குடும்பங்கள் கப்பலுக்காகக் காத்திருந்தன. அங்கே மருத்துவர் சோதனை செய்வர். அம்மைக்குத் தடுப்பூசி போடுவர். நோய்க்குறி உள்ளவர் பயணம் நின்றுவிடும். குழந்தையின் உடற்சூடு ஒரு குடும்பத்தின் திசையையே மாற்ற வல்லதாயிருந்தது.

நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல்கள் கரையணையும் ஆழம் இல்லை. கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகேறிச் சென்று, அலையில் எழுந்து தாழும் அப்படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்றியாக வேண்டும். ஒரு கையில் மூட்டை, மறு கையில் பிள்ளை என்றிருந்த தாய்க்கு அந்தச் சில அடித் தொலைவே பயணத்தின் மிகக் கொடிய பகுதியாக இருந்திருத்தல் வேண்டும்.

இவ்வழியிற் சென்ற கப்பல்களுள் தமிழர் நாவில் நிலைத்த பெயர் 'ரஜுலா' என்பதாகும். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காகக் கிளாஸ்கோவில் கட்டப்பெற்று, 1926இல் ஓடத் தொடங்கிய அக்கப்பல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. தளப் பயணிக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாய் விரித்த இடமே அவன் வீடு. டிரங்குப் பெட்டியே அவ்வீட்டின் சுவர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கை அடைந்து, அப்பால் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று செல்லும் அவ்வழியில், பசியையும் தலைச்சுற்றலையும் சொல்லத் தெரியாத குழந்தைகள் தாயின் மடியிலேயே வங்கக் கடலைக் கடந்தனர்.

கரை தெரிந்த பின்னும் பயணம் முடிந்துவிடவில்லை. கப்பலில் தொற்றுநோய் கண்டால், பினாங்கில் வந்திறங்குவோர் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு வருவோர் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் தடுத்து வைக்கப்பட்டனர். எதிரே நகரின் விளக்குகள் தெரிய, இடையே கடல் கிடக்க, நாட்களை எண்ணிக் காத்திருந்தோர் எத்துணைக் குடும்பங்கள்!

குழந்தையும் பள்ளியும்

தனியாளாக வந்தவன் தோட்டத்தை விட்டுத் தோட்டம் மாறலாம். கூலி குறைந்தால் ஊர் திரும்பலாம். அவனுக்குத் தங்க ஒரு மூலையும் உண்ண ஒரு வேளைச் சோறும் இருந்தாற் போதும். குழந்தையோடு வந்தவன் நிலை வேறு. குழந்தைக்கு வீடு வேண்டும், பால் வேண்டும், பெற்றோர் பால்மரக் காட்டுக்குச் சென்றபின் காத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தோட்டங்களில் ஆயாக் கொட்டகைகள் எழுந்தது இத்தேவையால்தான். குழந்தை வளர்ந்தபோது பள்ளி வேண்டும் என்ற தேவையும் உடன் வளர்ந்தது.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் அவர்களுக்குப் பள்ளி அமைக்குமாறு முதலாளிமாரைப் பணித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றின் தரம் மெச்சத்தக்கதாக இருக்கவில்லை. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் ஆசிரியராக அமர்ந்த பள்ளிகளும் உண்டு. குறைகள் எவ்வளவாயினும், இந்நாட்டில் தமிழ்ப் பள்ளிகள் பல்கியதற்கு அரசின் கொடை மட்டுமோ முதலாளியின் அறவுணர்வு மட்டுமோ காரணமன்று. தோட்டத்தில் பத்துக் குழந்தைகள் இருந்தனர் என்னும் எளிய உண்மையே அடிப்படைக் காரணம். தோட்டத்துத் தமிழாசிரியர் என்னும் பணியே, கப்பற்கணக்கில் அரையாளாக நின்ற அக்குழந்தைகளால் பிறந்தது எனில் மிகையாகாது.

குடிக்கணக்குகளும் இம்மாற்றத்தைக் காட்டுகின்றன. மலாயா இந்தியருள் இம்மண்ணிலேயே பிறந்தோர் 1931இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர். 1947இல் அவர்கள் பாதிக்குச் சற்று மேற்பட்டனர். 1957இல் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினராயினர். ஒரு தலைமுறைக் காலத்தில் ஒரு மக்கட்கூட்டத்தின் தாயகமே மாறிவிட்டது.

மறுபயணங்கள்

எனினும், கடல்வழி ஒருவழிப் பாதையன்று. உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பெற்றோர்க்கு அது திரும்புதல். இங்குப் பிறந்த பிள்ளைகளுக்கோ அது முதற்பயணம். காணாத ஊரைத் தம் ஊர் என்று கற்றுக்கொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கு நேர்ந்தது. 1938 ஜூன் திங்களில், உதவி பெற்றுத் தொழிலாளர் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. பின்னர் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கப்பற் போக்குவரத்து அற்றது. ஊருக்குச் சென்றிருந்த தாயும் பிள்ளைகளும் அக்கரையில், தந்தை இக்கரையில் எனக் குடும்பங்கள் பிளவுண்டன. கைக்குழந்தையாகச் சென்றவர், போர் ஓய்ந்த பின்னர் தந்தையின் முகமறியாச் சிறுவராகத் திரும்பினர்.

போருக்குப் பின், ஊருக்குப் போய் வருதல் தோட்ட மக்கள் வாழ்வின் பெருநிகழ்ச்சியாயிற்று. பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்து, மனைவி மக்களோடு கப்பலேறி, திங்கட்கணக்கில் தங்கி வருவர். காதணி விழாவும் முடியிறக்குதலும் குலதெய்வ வழிபாடும் அதுவரை காத்திருக்கும். பிள்ளைகளின் படிப்பு இடையில் அறுபடும். 'பாசார்' என்றும் 'கம்போங்' என்றும் இயல்பாகப் பேசிய பேரனின் தமிழைப் பாட்டி வியந்து கேட்பாள். பாட்டியின் வழக்குச் சொற்களைப் பேரன் வியந்து கேட்பான். ஒரே மொழி, இரு கரைகளில் இருவேறு உடையணிந்து நிற்பதை முதலில் உணர்ந்தவர்கள் இக்குழந்தைகளேயாவர்.

சட்டத்தின் முன் இரு குழந்தைகள்

இத்தகைய நெடும்பயணங்களின் இடையே சட்டம் நுழைந்தது. அக்காலத்தில் சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் தனிக் கடப்பிதழ் இல்லை. தாயின் கடப்பிதழில் ஒரு வரியாகவே அதன் பெயர் இருந்தது. 1952இல் இயற்றப்பெற்று 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியோர் வருகையைக் கட்டுப்படுத்தியது. 1959இல் மலாயாக் கூட்டரசில் கொணரப்பட்ட மாற்றங்கள், கணவரை ஐந்தாண்டு தொடர்ந்து பிரிந்திருந்த மனைவியரின் வருகையையும், ஆறு வயதை எட்டிய பிள்ளைகளின் வருகையையும் தடுத்தன. தாத்தாவின் வீட்டில் இன்னும் ஓராண்டு இருக்கட்டுமே என்று விட்டுவரப்பட்ட பிள்ளைக்குப் பிறந்தநாள் ஒன்று கூடுவதே கதவடைப்பாக முடியும் நிலை உண்டாயிற்று.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டிற் பெறுதல் தமிழர் வழக்கம். மகளைப் பேற்றுக்கு அழைத்துச் செல்வதைத் தாய்வீட்டார் தம் கடமையாகவும் பெருமையாகவும் கருதினர். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 வரை, கூட்டரசில் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே குடியுரிமை பெற்றது. தந்தை குடிமகனாகாதிருந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தாய்வீடு சென்று பெற்ற தலைமகனுக்கு அவ்வுரிமை இல்லை. தோட்டத்து மருத்துவமனையிற் பெற்ற இளையவனுக்கு அது உண்டு. ஒரே வயிற்றிற் பிறந்தோர் இருவர், ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே பள்ளியிற் பயின்று, பின்னர் வேறு வேறு நிற அடையாள அட்டைகளோடு வேலை தேடிச் சென்றனர். வழக்கத்தைப் போற்றிய அன்பே பிள்ளைக்கு வினையாக முடிந்தது.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை உரிமச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 1969 முதல் பல்லாயிரவர் தமிழகம் நோக்கிப் பயணமாயினர். 1930களின் காட்சி மீண்டும் நிகழ்ந்தது. ரப்பர் மரமும் பள்ளித் திடலுமே உலகமாக வளர்ந்த சிறுவர், பெற்றோரின் மூட்டைகளுக்கிடையே, தாம் ஒருநாளும் வாழ்ந்திராத தாயகத்துக்குத் 'திரும்பினர்'.

கப்பல் நின்றபின்

ரஜுலா 1973இல் கைமாறி, அடுத்த ஆண்டில் உடைக்கப்பட்டது. அதன் பின் இவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல், 1985 பிப்ரவரி 12ஆம் நாள் நடுக்கடலில் தீப்பற்றியது; முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனோடு இக்கடல்வழிப் பயணிகள் போக்குவரத்தும் முடிவுற்றது. படகும் ஏணியும் தளத்து வாழ்வும் தீவுக் காவலும் நினைவில் மட்டுமே எஞ்சின.

அந்நினைவுக்கு உரியோர் இன்று முதியோர். கங்காணியின் கணக்கேடு ஆவணக் காப்பகத்தில் இடம்பெற்றுவிட்டது. கப்பலின் அளவும் எடையும் நூல்களில் பதிவாகிவிட்டன. ஐந்து வயதில் அக்கப்பலேறிய ஒருவர் கண்டதும் அஞ்சியதும் எந்தக் காப்பகத்திலும் இல்லை. தாயின் பழைய கடப்பிதழும், மங்கிய பிறப்புச் சான்றிதழும், துருவேறிய டிரங்குப் பெட்டியும் பல இல்லங்களில் இன்றும் கிடக்கின்றன. தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், 'உன் குடும்பத்தில் முதன்முதலிற் குழந்தையாகக் கடல் கடந்தவர் யார்?' என்று வினவுவாரேயானால், வரலாற்று நூல்களில் இல்லாத ஓர் இயல் ஒவ்வொரு வகுப்பிலும் எழுதப்பெறும்.

அரைச்சீட்டுப் பயணிகள் என்று எண்ணப்பட்டோரே இந்நாட்டுத் தமிழரின் முழு வரலாற்றையும் தாங்கி நின்றோர். அவர்களைக் கணக்கில் முழுமையாகச் சேர்ப்பது, அவர்களாற் பிறந்த பள்ளிகளின் கடன்.