ஷாம்பெயின்: ஒரு கோட்டுக்காக நடந்த கலவரம்

ஷாம்பெயின் என்பது தரத்தின் பெயர்னுதான் நானும் நினைச்சிருந்தேன். தேடிப் படிச்சா, முதலில் அது வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு.

பிரான்சின் மார்ன் பகுதியில் விளைச்சல் பொய்த்த காலம். சில வியாபாரிகள் வெளியூர்த் திராட்சையில் செய்த மதுவை அதே பெயரில் விற்றார்கள். 1908-இல் அரசு எல்லை வகுத்தது. தெற்கே இருந்த ஓப் மாவட்டம் வெளியே போனது. 1911 ஜனவரியில் மார்ன் விவசாயிகள் வெளியூர்ச் சரக்கை ஆற்றில் கொட்டினார்கள். அடுத்து ஓப்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். எல்லையையே நீக்கலாம் என்று ஏப்ரலில் செனட் சொன்னதும் மார்ன் கொதித்தது. அயி ஊரில் வியாபாரிகளின் கட்டடங்கள் எரிந்தன. ஓப் முழுமையாக உள்ளே வந்தது 1927 சட்டத்தில்தான்.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்களுக்கும் அடிப்படை இதுதான்: பெயர் மண்ணுக்குச் சொந்தம். சரி, அந்த மண் எங்கே முடியுதுன்னு யார் சொல்றது? அன்னைக்கு அடிச்சுக்கிட்டது அதுக்குத்தான்.