டால்ஸ்டாய் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம்

லியோ டால்ஸ்டாய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' என்ற இரண்டு பெரிய நாவல்கள்தான். ஆனால் அந்த நாவல்களுக்கு முன்பே அவர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்பது பலருக்குத் தெரியாது.

மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது யாஸ்னயா போல்யானா. அது டால்ஸ்டாயின் பரம்பரைப் பண்ணை. 1859-ல் தன் 31-வது வயதில் அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அப்போது ரஷ்யாவில் பண்ணையடிமை முறை இருந்தது. அது ஒழிக்கப்பட்டது 1861-ல்தான். குடியானவர் வீட்டுப் பிள்ளை படித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்த காலம் அது. 1860-61-ல் டால்ஸ்டாய் ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து எனச் சுற்றிப் பல பள்ளிகளைப் பார்த்தார். அங்கே பிள்ளைகள் பயந்துபோய் மனப்பாடம் செய்வதைக் கண்டு வெறுத்துத் திரும்பினார்.

அவருடைய பள்ளியில் கட்டணம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, அடி இல்லை. பிள்ளை நினைத்த இடத்தில் உட்காரலாம். பாடம் பிடிக்கவில்லையா, எழுந்து வீட்டுக்குப் போகலாம்!

சுதந்திரம் கொடுத்தால் மட்டும் பாடம் தானாக ஏறிவிடுமா? அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் புத்தகத்தை விரும்பிப் படிக்கவில்லை. நாட்டுப்புறக் கதைகளைக் கொடுத்தால் ஆவலாகப் படித்தார்கள். அதற்கு அடுத்த படியாக 'ராபின்சன் குரூசோ'வைக் கொடுத்தபோது திணறினார்கள். புஷ்கினைக் கொடுத்தும் பார்த்தார், பலிக்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசும் மொழிக்கும் இலக்கியத்தின் மொழிக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. அதைத் தாண்ட நடுவில் ஒரு பாலம் இல்லை.

இலக்கணத்திலும் இதே கதைதான். வாக்கியத்தைப் பிரித்து எழுவாய், பயனிலை காட்டினால் சில பிள்ளைகள் புதிர்போல ரசித்தார்கள். ஆனால் அது அவர்களைப் பிழையில்லாமல் எழுத வைக்கவில்லை. இலக்கணத்தில் கெட்டிக்காரன் வேறு, நன்றாக எழுதுகிறவன் வேறு என்று இருந்தது.

கட்டுரைப் பாடத்துக்கு முதலில் வீடு, மரம், ரொட்டி போன்ற 'சுலபமான' தலைப்புகளைக் கொடுத்தார். பிள்ளைகள் அழாத குறை! தினமும் பார்க்கிற மரத்தைப் பற்றி என்ன எழுதுவது? ஆனால் நடந்த ஒரு சம்பவத்தை எழுதச் சொன்னபோது கை தானாக ஓடியது. பெரியவர்களுக்குச் சுலபமாகத் தெரிவது குழந்தைக்குக் கடினம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒருநாள் ஒரு ரஷ்யப் பழமொழியைச் சொல்லி அதற்குக் கதை எழுதலாமா என்று கேட்டார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துவது பற்றிய பழமொழி அது. அதாவது உதவியும் செய்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டுவது. ஒரு பிச்சைக்காரக் கிழவருக்கு இடம் கொடுக்கும் குடியானவனின் கதையாக அது தொடங்கியது. முதல் பக்கத்தை டால்ஸ்டாயே எழுதினார். பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத் தயங்காமல் குறை சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேட்கா, சேம்கா என்ற இரண்டு சிறுவர்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பெரிய எழுத்தாளர் வெறும் எழுத்தராக மாறி எழுதிக்கொண்டிருந்தார்.

கதையில் ஒரு ஆள் பெண்கள் போடும் தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான் என்று எழுதச் சொன்னான் ஃபேட்கா. கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்த ஒரு கோட்டில் அந்த வீடே கண்முன் வந்துவிடுகிறது என்று டால்ஸ்டாய் அசந்துபோனார்.

பிறகு அந்தக் காகிதங்கள் தொலைந்து போயின. விளையாட்டுக்கு மடிக்கப்பட்டுப் பாழாகிவிட்டன. டால்ஸ்டாய் மிகவும் வருந்தினார். இதைப் பார்த்த அந்த இரண்டு சிறுவர்களும் தாங்களே வந்து, ஓர் இரவு அவருடைய அறையில் உட்கார்ந்து மீண்டும் எழுதிக்கொடுத்தார்கள். குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்று கேட்டு 1862-ல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

அதே 1862 ஜூலையில், அவர் ஊரில் இல்லாத நேரத்தில் போலீஸ் வந்தது. பள்ளியில் பாடம் நடத்திய இளைஞர்கள் மேல் அரசுக்குச் சந்தேகம். ரகசிய அச்சகம் இருக்கிறதா என்று வீடு முழுவதும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. டால்ஸ்டாய் கொதித்துப்போய் ஜார் மன்னருக்கே கடிதம் எழுதினார். செப்டம்பரில் அவருக்குத் திருமணம் ஆனது. பள்ளியும் மெல்ல மூடப்பட்டது.

ஆனால் அந்தப் பாடம் வீணாகவில்லை. 1872-ல் 'அஸ்புகா' என்ற அரிச்சுவடியையும், 1875-ல் 'புதிய அஸ்புகா'வையும் வெளியிட்டார். சின்ன வாக்கியங்கள், சின்னக் கதைகள், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் மொழி. அன்று பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாலத்தைத் தானே கட்டினார். ஃபேட்கா பெரியவனாகி, வசீலி மரோசோவ் என்ற தன் சொந்தப் பெயரில் டால்ஸ்டாயைப் பற்றி நினைவுகள் எழுதினான். 1917-ல் அது புத்தகமாக வந்தது.

இந்தக் கதைக்கு ஒரு தமிழ் வாலும் உண்டு. 1910-ல் காந்தி ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய குடியிருப்புக்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்று பெயர். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், அவர்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. கப்பலிலும் சிறையிலும் போப்பின் புத்தகத்தை வைத்துக் கொஞ்சம் தமிழ் கற்றிருந்த காந்திதான் அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் அடிப்படை இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார்!

ஒருவர் உலகப் புகழ் எழுத்தாளர், இன்னொருவர் அரைகுறைத் தமிழ் தெரிந்த வக்கீல். இருவருமே பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாங்களும் சேர்ந்து கற்றார்கள். நல்ல வாத்தியாருக்கு அதுதானே அடையாளம்?