கோயில் தளத்துக்கு இன்க்ளூடா, எக்ஸ்டெண்ட்ஸா?

திருவண்ணாமலை அண்ணாமலையார், பழனி முருகன், மதுரை மீனாட்சி கோயில்களுக்கு அறநிலையத்துறை தனித்தனி இணையதளம் வைத்திருக்கிறது. தெய்வமும் தல வரலாறும் வேறு. பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்று. இப்படியொரு தளத்தை எழுத உட்காருபவர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு.

பிஎச்பியில் பலரும் முதலில் பழகுவது இன்க்ளூட். தலைப்பகுதி ஒரு கோப்பு, அடிப்பகுதி ஒரு கோப்பு. ஒவ்வொரு பக்கமும் இரண்டையும் அழைத்துக்கொள்ளும். கார்த்திகை தீபத்துக்கு எல்லாப் பக்கத்திலும் ஓர் அறிவிப்புப் பட்டை வேண்டுமா? தலைக் கோப்பில் சேர்த்தால் முடிந்தது. ஆனால் வலப்பக்கம் புதிதாக ஒரு பத்தி வேண்டும், அதில் பக்கத்துக்குப் பக்கம் வேறு விஷயம் வரவேண்டும் என்றால் எல்லாப் பக்கங்களையும் திறந்து திருத்த வேண்டும். தலைக் கோப்பில் திறந்த டிவ் குறிச்சொல் அடிக் கோப்பில் மூடப்படுவதால், முழுப் பக்கத்தின் உருவம் எந்தக் கோப்பிலும் இருக்காது.

இரண்டாவது வழி எக்ஸ்டெண்ட்ஸ். 2005இல் வெளியான, பைத்தான் மொழிக்கான ஜாங்கோவில் அந்த உருவம் பேஸ் கோப்பில் முழுதாக இருக்கிறது. மாறக்கூடிய இடங்களுக்கு பிளாக் என்று பெயரிட்டிருப்பார்கள். கிரிவலப் பக்கம் முதலில் எக்ஸ்டெண்ட்ஸ் என்று சொல்லிவிட்டு, தனக்கு வேண்டிய பிளாக்குகளை மட்டும் நிரப்பும். நிரப்பாதவற்றில் பேஸில் உள்ளதே வரும். வலப்பத்தியை பேஸில் ஒரு பிளாக்காக ஒருமுறை சேர்த்தால் போதும்; வேறு விஷயம் வேண்டிய பக்கங்கள் மட்டும் அதை நிரப்பும். துறைக்கு ஒரு பேஸ், அதிலிருந்து கோயிலுக்கு ஒன்று, அதிலிருந்து பக்கங்கள் என மூன்று அடுக்காகவும் அமைக்கலாம். ஜின்ஜா, ட்விக், லாராவெலின் பிளேடு ஆகிய வார்ப்புரு மொழிகள் எல்லாவற்றிலும் இதே முறை உண்டு.

சட்டகத்துக்கு எக்ஸ்டெண்ட்ஸ்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பூஜை நேரப் பெட்டி போலப் பல பக்கங்களில் வெவ்வேறு இடத்தில் வரும் துண்டுகளுக்கு இன்க்ளூட் பொருந்தும். ஜாங்கோவிலேயே அதுவும் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய வழி மேல். பிஎச்பியில் கோப்பின் பெயர் தவறினால் இன்க்ளூட் எச்சரிக்கும், அதே வேலையைச் செய்யும் ரிக்வயர் பக்கத்தையே நிறுத்திவிடும். ஜாங்கோவில் பிளாக்கின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் எந்தச் சத்தமும் இல்லை. நாம் எழுதியது மறைந்து, பேஸில் இருந்த வாசகம் ஒழுங்காகவே தெரியும். பௌர்ணமி கிரிவல நேரம் அப்படி மறைந்தால், பதினான்கு கிலோமீட்டர் நடக்க வெளியூரிலிருந்து கிளம்புகிறவருக்குத் தவறான தகவல் போகும். அதனால் நேரமும் கட்டணமும் வரும் பிளாக்குகளை பேஸில் காலியாக விடுவதே சரி. அங்கே வெற்றிடம் தெரிந்தால், தளத்தைப் பார்ப்பவர் யாரானாலும் உடனே கேட்பார்.