மெலட்டூர் பாகவத மேளா: ஓர் ஊரின் நாடகக் கைங்கரியம்

ஆலயம் என்பது அர்ச்சனைக்கும் ஆராதனைக்கும் மட்டுமே உரிய இடமென்று நம் முன்னோர் கருதவில்லை. இசையும் நடனமும் நாடகமும் இறைவன் திருமுன்பு செய்யப்பெறும் வழிபாட்டின் உறுப்புகளே என்பது அவர்கள் கொள்கை. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இரண்டாம் இராசேந்திர சோழனது கல்வெட்டொன்று இதற்குச் சான்று பகர்கின்றது. வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கு ஆண்டொன்றுக்கு 120 கலம் நெல் அளக்குமாறு 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் அம்மன்னன் ஆணையிட்டான். அரசன் பொருள் ஈந்தான், கூத்தர் ஆடினர், ஊரார் கண்டு களித்தனர்.

அதே தஞ்சைத் தரணியில், அதே வைகாசி மாதத்தில், வேறொரு முறையும் பிற்காலத்தில் வேரூன்றியது. அங்கே கூலிக்கு ஆடும் கூத்தர் இல்லை. ஊரில் வாழும் இல்லறத்தாரே வேடம் புனைவர், அவர்களே பாடுவர், அவர்களே திரை பிடிப்பர், விளக்கும் பந்தலும் அவர்கள் பொறுப்பே. தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் நிகழும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடக விழாவே அது.

1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், கலைவாணரும் கற்றோரும் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர், அவ்வாறு வந்த 510 அந்தணர் குடும்பங்களுக்கு வீடும் கிணறும் விளைநிலமும் வழங்கிக் குடியேற்றினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. அச்சுதபுரம் என்றும் உன்னதபுரி என்றும் வழங்கிய அவ்வூரே மெலட்டூர். வயிற்றுக் கவலை நீங்கிய அக்குடிகள் கல்வியையும் சங்கீதத்தையும் பக்தியையும் வளர்த்தன. கிருஷ்ண லீலா தரங்கிணியை அருளிய நாராயண தீர்த்தர் காட்டிய நெறியே பாகவத மேளாவுக்கு வித்தாயிற்று என்பர்.

இம்மரபுக்கு நிலைத்த உருவம் தந்தவர் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார். தியாகராஜ சுவாமிகளுக்கு மூத்த சமகாலத்தவராகப் போற்றப்படும் இவர், பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம், மார்க்கண்டேய சரித்திரம், அரிச்சந்திரா முதலிய நாடகங்களைத் தெலுங்கு மொழியில் இயற்றினார். நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சை அரசவையில் கலைமொழியாக விளங்கியது தெலுங்கு. ஆதலால், தமிழ் பேசும் ஊரில் தெலுங்கு நாடகம் தலைமுறை தலைமுறையாக நடைபெறுவதில் வியப்பில்லை. தந்தை நடிக்கக் கண்டும், பாட்டன் பாடக் கேட்டும், வசனங்களையும் தருக்களையும் மைந்தர் மனப்பாடம் செய்தனர்.

நரசிம்ம ஜயந்தியை ஒட்டி விழா தொடங்கும். வரதராசப் பெருமாள் கோயிலின் எதிரே, வீதியில் பந்தலிட்டு மேடை அமைப்பர். எம்பெருமான் மேடையை நோக்கி எழுந்தருள்வார். நடிப்போர் பார்ப்பது பெருமாள் திருமுகத்தை. ஊரார் இடையே அமர்ந்து இருபுறமும் கண்டு இன்புறுவர். இரவில் தொடங்கும் நாடகம் வைகறை வரை நீளும்.

முதலில் கோணங்கி துள்ளி வந்து அவையோரைச் சிரிக்கவைத்து அமைதிப்படுத்துவான். தோடய மங்களம் முழங்கும். பின்னர் விநாயகர் முகமூடி அணிந்த சிறுவன் ஒருவன் மேடை ஏறி ஆசி வழங்குவான். ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அரங்கேற்றம் இவ்வாறுதான் வாய்க்கின்றது. இன்று பிள்ளையாராக நின்றவன் சில ஆண்டுகளில் பிரகலாதனாவான். மீசை அரும்பியபின் லீலாவதியாகச் சேலை உடுத்துவான். நடுவயதில் இரணியனாக முழங்குவான். உடல் தளர்ந்தபின் பாட்டுக்காரரோடு அமர்ந்து இளைஞருக்கு அடியெடுத்துக் கொடுப்பான். பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்பது இங்குள்ள வழக்கம். ஒருவனது ஆயுள் முழுவதற்கும் இந்நாடகத்தில் இடமுண்டு.

ஒவ்வொரு பாத்திரமும் நுழையும்போது இருவர் திரைச்சீலையைப் பிடித்து நிற்பர். திரைக்குப் பின்னே சதங்கை ஒலிக்கும். பிரவேச தரு பாடப்பெறும். உரிய கணத்தில் திரை விலகும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் சுவை கெடும். ஆகவே திரை பிடிப்பவனும் தாளம் அறிந்தவனாதல் வேண்டும். மின்விளக்கு வாராத காலத்தில் எண்ணெய் விளக்கையும் தீவட்டியையும் விடியும்வரை அணையாது காத்தவர் தொண்டும் இத்தகையதே. அரிதாரம் பூசுவோர், முடியும் அணியும் பூட்டுவோர், பெருமாளுக்கு நிவேதித்த பானகமும் நீர்மோரும் வழங்குவோர் ஆகிய இவர்களின் பெயரை எவரும் அறிவிப்பதில்லை. ஆயினும் இவர்களில் ஒரு கை குறைந்தாலும் நாடகம் தடைப்படும்.

இவ்வுண்மை முழுமையாக விளங்கும் இடம் நரசிம்மப் பிரவேசம். அவ்வேடத்துக்குரிய முகமூடி வெறும் ஒப்பனைப் பொருளன்று. பூசைக்குரிய மூர்த்தமாகவே காக்கப்படுகின்றது. அதனை அணிபவர் அன்று உபவாசம் இருந்து, நியமத்தோடு காத்திருப்பார். தூண் பிளக்கும் கட்டம் நெருங்குங்கால் முகமூடி தரிக்கப்பெறும். தரித்தவருக்கு ஆவேசம் மேலிடும். இரணியனாக எதிரில் நிற்பவரோ அவருடைய உறவினராக, அண்டை வீட்டாராக இருக்கக்கூடும். அந்த வேகத்தில் அவர் மீது பாய்ந்துவிடாதபடி, சிலர் நரசிம்மரை இருபுறமும் இறுகப் பற்றி நிற்பர். ஆவேசம் கொண்டவருக்குத் தன் நினைவு இல்லை. பற்றி நிற்பவர்க்கோ ஒரு கணமும் நினைவு தவறலாகாது. கூட்டத்தின் கண்கள் சிங்கமுகத்தின் மீதே பதிந்திருக்கும். ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பு அந்தப் பெயரில்லாக் கைகளிடம் இருக்கும். மேடைமேல் நிற்பவன் தன்னை மறக்கலாம் என்றால், அவனை மறவாதவர் சிலர் அருகில் இருப்பதாலன்றோ!

இத்தகைய மரபும் நலிவுற்ற காலம் உண்டு. ஆங்கிலக் கல்வியையும் உத்தியோகத்தையும் நாடிக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. அந்நாளில் பரதம் நடேச ஐயர் அரும்பாடுபட்டு இக்கலையைக் காத்தார். அவருக்குப் பின் தளர்ச்சி நேர்ந்தபோது, பரத நாட்டியத்தின் மறுமலர்ச்சிக்கு உழைத்த ஈ. கிருஷ்ணையர் (1897–1968) மெலட்டூரின் பெருமையை எழுத்தாலும் பேச்சாலும் நாடறியச் செய்தார். ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம், மெலட்டூர்ப் பெரியோரின் துணையோடு 1959-ஆம் ஆண்டில் உஷா பரிணயத்தைச் சென்னையில் அரங்கேற்றியது. ஊர் மேடையில் பிறந்தது நகர மேடையையும் வளப்படுத்தியது.

எனினும் எல்லா ஊர்களுக்கும் இப்பேறு கிட்டவில்லை. சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர் ஆகிய ஊர்களிலும் முன்னாளில் பாகவத மேளா நடைபெற்றது; பின்னர் அங்கெல்லாம் நின்றுபோயிற்று. ஏட்டில் நாடகம் இருந்தும் பயனென்ன? திரை பிடிக்க இருவரும், அடியெடுத்துக் கொடுக்க ஒரு முதியவரும், கற்க விரும்பும் ஒரு சிறுவனும் இல்லாத ஊரில் அது மீளாது. மெலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் இம்மரபு இன்றும் வாழ்கின்றதெனில், அதற்குக் காரணம் திரும்பி வருவோரே. சென்னை முதலிய இடங்களில் அலுவல் பார்ப்பவர்கள் விடுப்பெடுத்து ஆண்டுதோறும் ஊர் வந்து, தத்தம் முன்னோர் ஏற்ற வேடத்தையோ வேலையையோ ஏற்கின்றனர்.

கும்பாபிஷேக நன்னாளில் விமானத்தின் மீது கலசநீர் சொரியும் கரம் அனைவர் கண்ணுக்கும் புலனாகின்றது. சாரம் கட்டிய கரமும், சுண்ணம் அரைத்த கரமும், யாகசாலைக்கு மண் சுமந்த கரமும் கூட்டத்தில் கலந்து நிற்கின்றன. எம்பெருமான் திருமுன்பு இவ்விரண்டுக்கும் வேற்றுமை இல்லை. நரசிம்மராய் நிற்பவருக்கும் அவரைத் தாங்கிப் பிடிப்பவருக்கும் ஒரே பிரசாதம்தான். கலையையும் கோயிலையும் காத்து வந்தது இந்தச் சமநிலையே என்பதை மெலட்டூர் ஆண்டுதோறும் உணர்த்தி வருகின்றது.