அசோகமித்திரன் புனைவில் தன்வாழ்க்கை

அசோகமித்திரன் (1931–2017) தாம் வாழ்ந்த ஊர்களையும் பார்த்த வேலையையும் விட்டு அதிகம் விலகாமல் எழுதிய தமிழ்ப் புனைகதையாளர். இயற்பெயர் தியாகராஜன். பிறந்தது செகந்தராபாத்தில், தந்தை ரயில்வே ஊழியர். தந்தையின் மறைவுக்குப்பின், 1952இல், தந்தையின் நண்பரும் ஜெமினி ஸ்டூடியோ அதிபருமான எஸ். எஸ். வாசனின் அழைப்பில் சென்னை வந்து அந்த ஸ்டூடியோவில் சேர்ந்தார்.

‘18வது அட்சக்கோடு’ (1977) செகந்தராபாத் நாள்களிலிருந்து உருவானது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை, செகந்தராபாத் அடங்கிய நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தபோது அசோகமித்திரனுக்கு 17 வயது நிறையச் சில நாள்களே இருந்தன. நாவலின் சந்திரசேகரனும் ஏறக்குறைய அதே வயதுக் கல்லூரி மாணவன். கிரிக்கெட் பித்து உள்ளவன். நிஜாம் ஆதரவு ஆயுதக் குழுவினரான ரஜாக்கர்கள், அகதிகள், கலவரம் எல்லாம் அவன் சைக்கிளில் போகும் தெருக்கள் வழியாகவே கதைக்குள் வருகின்றன. இறுதியில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னையே தர முன்வரும் சிறுமியின் எதிரே அவன் கூசிப்போய் ஓடுகிறான். இதை ஆசிரியரின் வாக்குமூலமாகப் படிப்பது அவசரம். வயதும் ஊரும் ஒன்றாயிருப்பதாலேயே சம்பவமும் நடந்ததாகிவிடாது.

ஒரே அனுபவம் இரு விதமாக எழுதப்பட்டதை ஜெமினி வாழ்க்கையில் காணலாம். அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நினைவுக்குறிப்புகளில் மேக்கப் அறையின் அரிதாரப் பூச்சும், யாரென்றே தெரியாமல் ஸ்டூடியோ வரவேற்ற ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரும் சிரிப்பை வரவழைக்கின்றனர். அதே உலகத்திலிருந்து பிறந்த ‘கரைந்த நிழல்கள்’ (1969) நாவலில் அந்தச் சிரிப்பு அநேகமாக இல்லை. தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர், கடனில் மூழ்கும் தயாரிப்பாளர் என்று கதை ஆள் மாறிக்கொண்டே போகிறது; கதாநாயகன் என்று ஒருவருமில்லை. நினைவுக்குறிப்பில் எங்கும் தென்படும் ‘நான்’ இங்கே பெரும்பாலும் விலகிக்கொள்கிறது. சினிமாவைப் பற்றிய தமிழ் நாவல்களில் இதற்கு இணை சொல்வது கடினம்.

சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாடு ‘தண்ணீர்’ நாவலாயிற்று. அமெரிக்காவின் அயோவா எழுத்தாளர் முகாமில் தங்கிய மாதங்கள் ‘ஒற்றன்’ ஆயின. ‘தண்ணீர்’ கதையின் மையம் ஜமுனா என்ற பெண் என்பதால், அதைத் தன்வரலாற்று வரிசையில் சேர்ப்பவர் குறைவு.