முவாரா காமான்: யூபத் தூண்கள் கிடைத்த ஊர்

ஓய்வுபெற்ற பிறகு கல்வெட்டு நூல்களைப் புரட்டுவதே எனக்குப் பொழுதுபோக்கு. அப்படி அறிமுகமான ஊர் முவாரா காமான். இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில், மகாகம் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர்.

இங்கே கிடைத்த ஏழு யூபத் தூண்கள், அதாவது வேள்வித் தூண்கள், கி.பி. 400 அளவில் நட்டவை. அந்த நாட்டில் கிடைத்த மிகப் பழைய எழுத்து இவைதான். மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ எழுத்தின் தொடக்க வடிவம். மூலவர்மன் என்னும் அரசன் அந்தணர்களுக்கு 20,000 பசுக்களைத் தானம் செய்த செய்தி ஒன்றில் உள்ளது. அவனுடைய பாட்டன் பெயர் குண்டுங்கன்; அது உள்ளூர்ப் பெயர் என்பார்கள். மகன் அஸ்வவர்மன் காலத்திலேயே பெயர் வடமொழிக்கு மாறிவிட்டது. படையெடுத்து வந்தவர்கள் திணித்ததல்ல, உள்ளூர்த் தலைவர்களே விரும்பி ஏற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தூண்கள் இன்று ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆற்றங்கரை மக்கள் மரக்கால்கள் மேல் கட்டிய வீடுகளில் வாழ்ந்து மீன் பிடிக்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே நிலக்கரி ஏற்றிய படகுகள் கடலை நோக்கிப் போகின்றன. மகாகமில் வாழும் பெசுத் என்னும் ஓங்கில்கள் நூறுகூட மிஞ்சவில்லை. மீன்வலையில் சிக்கியே பல சாகின்றன.

கல்லும் போயிற்று, கரியும் போகிறது. 2019-இல் அறிவித்த புதிய தலைநகரின் ஒரு பகுதி இதே மாவட்டத்தில்தான் வருகிறது. அதனால் சாலையும் வேலையும் வரலாம். ஆனால் ஆறு கெடாமல் இருந்தால்தான் மீனவர் பிள்ளைகள் ஊரில் தங்குவார்கள்.