போடி ரயிலை மேஜை மேல ஓட்டலாமா? ஸ்கேல் தேர்வுக்கு ஒரு சிம்பிள் கணக்கு!

மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் ஞாபகம் இருக்கா? 1928-ல் ஓடத் தொடங்கி, 2010 கடைசியில நின்னுபோச்சு. 2023 ஜூன்ல போடிக்குத் திரும்பவும் ரயில் வந்துச்சு, ஆனா அது அகலப்பாதை ரயில். அந்தப் பழைய ரயில் மறுபடி ஓடணும்னா, இனி நாமே மாடல் செஞ்சாதான் உண்டு.

மாடல் ரயில் உலகத்துல 1,435 மி.மீ ஸ்டாண்டர்டு கேஜைவிடக் குறுகலான எல்லாமே 'நேரோ கேஜ்'தான். அதனால நம்ம மீட்டர் கேஜும் (1,000 மி.மீ) இதுல அடக்கம்.

முதல்ல ரயில், அப்புறம் ஸ்கேல்

கண்ணுல பட்ட செட்டை வாங்கிட்டா, பிடிச்ச ரயில் அந்தத் தண்டவாளத்துக்குப் பொருந்தாம போகலாம். அதனால முதல்ல எந்த ரயில்னு முடிவு பண்ணுங்க.

* போடி லைன்: உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனினு சமவெளியும் மலையும் கலந்த பாதை.
* குண்டலா வேலி ரயில்: மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த 610 மி.மீ பாதை. அங்கிருந்து ரோப்வேயில போடி பக்கம் கொட்டகுடிக்குச் சரக்கு இறங்கும். 1924 வெள்ளத்துல பாதை அழிஞ்சுபோச்சு.
* நீலகிரி மலை ரயில்: இதுவும் மீட்டர் கேஜ்தான். ஆனா பல்சக்கரப் பாதையையும் மாடல்ல கொண்டுவரணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் கஷ்டம்.

கணக்கு இதுதான்

நிஜத் தண்டவாள அகலத்தை, மாடல் தண்டவாள அகலத்தால வகுங்க.

* 1,000 ÷ 12 = 83. ஹெச்.ஓ ஸ்கேலுக்கு (1:87) நெருக்கம்.
* 1,000 ÷ 45 = 22. ஜி ஸ்கேல் (1:22.5).
* 610 ÷ 9 = 68. குண்டலாவுக்கு 'ஓ.ஓ.9' (1:76) ஓரளவு ஒத்துவரும்.

இடம் எவ்வளவு இருக்கு?

165 செ.மீ உயரமுள்ள ஆள், ஹெச்.ஓ-ல 1.9 செ.மீ, ஜி-ல 7.3 செ.மீ. அப்பார்ட்மென்ட் மேஜைக்கு ஹெச்.ஓ போதும். மொட்டை மாடி, தோட்டம்னா ஜி. ஆனா மதுரை வெயில்ல தண்டவாளம் விரியும், இணைப்புல கொஞ்சம் இடைவெளி விடணும்.

மதுரை - போடி 90 கி.மீ. அதை முழுசா ஹெச்.ஓ-ல செஞ்சாலே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிடும்! அதனால ஒரே ஒரு ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கோங்க.

பழைய போட்டோதான் அளவுகோல்

தாத்தா, பாட்டி ஆல்பத்துல ரயில் முன்னாடி நின்னு எடுத்த படம் இருக்கானு தேடுங்க. நேருக்கு நேரா எடுத்த படம்னா, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல சரியா ஒரு மீட்டர். அதை வெச்சே இன்ஜினோட அகலம், உயரத்தைக் கணக்குப் போடலாம். அந்த அளவுல ஒரு அட்டையை வெட்டி மேஜையில வெச்சுப் பாருங்க. இடம் சரியா இருந்தா, அப்புறம் தண்டவாளத்துக்கு ஆர்டர் போடுங்க.